பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கமரா நடிப்பும் குறும்படமும்: யாழ்ப்பாணத்தில் கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேடையே ஏறாத பிள்ளையை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். தமிழ்மொழித் தினப் போட்டி, பாடசாலை நாடகம், பாசையூர், குருநகர்ப் பக்கம் என்றால் கூத்து என்று எங்கேயாவது ஒருமுறை வேஷம் கட்டியிருக்கும். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகவே இருக்கிறது. இசை நாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பாட்டைக் கேட்க விடிய விடிய முழித்திருந்த ஊர் இது. 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும், 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியும் எத்தனையோ பேருக்கு நடிப்புக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஆகவே குறும்படம் எடுக்க வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை.

ஆனால் மேடையில் கைகொடுத்த பழக்கம் கமரா முன்னால் குறுக்கே நிற்கும். கமரா ஓடத் தொடங்கியதும் குரல் உயரும், கை விரியும், வசனம் வரும் முன்னரே முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இதைத் திருத்த "குறைச்சு நடி, குறைச்சு நடி" என்று சொல்வதால் பயன் இல்லை. பிள்ளை விறைத்துப் போய் நிற்பதுதான் மிச்சம். எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மையாகக் கேட்கப் பழக்கினால் நடிப்பு தானாகவே அளவுக்கு வந்துவிடும். கமரா நடிப்பைக் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் பயிற்சி, கதை, எடிட்டிங் எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன.

குழு, இடம், காலம்

13 முதல் 17 வயது வரையான பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். ஒரு படத்துக்கு ஐந்தாறு பேர் என்று பிரித்துக்கொள்ளலாம். இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. அநேகமான ஊர்களில் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. பத்திரிகை வாசிக்க வருபவர்கள் போன பிறகு அந்த மண்டபமும் மேசையும் வாங்குகளும் உங்களுக்குத்தான்.

பெரிய சவால் நேரம். சனி, ஞாயிறு இரண்டும் ரியூசனுக்குப் போய்விடும். பெற்றோருடன் பேசி வாரத்தில் இரண்டரை மணித்தியாலம் என்று ஒன்பது பத்து வாரங்களுக்கு உறுதி வாங்குங்கள். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் வருடத்துப் பிள்ளைகளைப் பரீட்சை முடிந்த பிறகு சேர்ப்பது நல்லது. அம்மா அப்பாவுக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி.

வெளியில் எடுப்பதற்கு தை கடைசியிலிருந்து பங்குனி வரை அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை எந்தத் திட்டத்தையும் குழப்பும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தொடங்கிவிட்டால் கடற்கரையில் வசனம் பதியவே முடியாது.

தொடங்கும் முன்னரே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கே எடுக்கிறோம், யார் உடன் இருப்பார்கள், படம் எங்கே காட்டப்படும், யூரியூப்பில் போடுவோமா என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில் வயது வந்த பெண் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். இருட்டும் முன் எல்லோரும் வீடு சேர வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தைச் சுவரில் ஒட்டி, அது எதற்கென்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

முதல் மூன்று வாரங்கள்: கேட்கும் முகம்

இந்த மூன்று வாரமும் கதை, வசனத் தாள் எதுவும் வேண்டாம். ஒரு போன், அதைப் பொருத்த ஒரு முக்காலி (ட்ரைபொட்), நாற்காலிகள். அவ்வளவுதான்.

முதல் பயிற்சி தூரத்தைப் பற்றியது. "நாளைக்கு வாறியா?" என்ற ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் மைதானத்தின் அந்தக் கரையில் நிற்பவரிடம். அடுத்து மேசைக்கு எதிரே இருப்பவரிடம். கடைசியாகச் செத்த வீட்டில் பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள். மூன்றையும் நெருக்கமான ஷொட்டில் எடுத்து உடனே போட்டுக் காட்டுங்கள். கூத்துக்களரியில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். அந்தக் குரல் பிறந்தது அந்தத் தேவையில்தான் என்று அப்போது விளக்குங்கள். கமராவில் பார்ப்பவர் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார். மேடைப் பயிற்சியை மட்டம் தட்டாமல் சொல்வது முக்கியம். அந்தப் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவள் மதிக்கும் ஒரு ரீச்சராக இருக்கும்.

இரண்டாவது பயிற்சிக்கு இருவரை எதிரெதிரே இருத்துங்கள். ஒருவர் காலையிலிருந்து நடந்ததை உள்ளபடி சொல்லட்டும்: பஸ் பிந்தியது, தங்கச்சி சப்பாத்தை ஒளித்தது, எதுவும் சரி. கமரா சொல்பவர் பக்கம் திரும்பவே கூடாது. கேட்பவரின் முகத்தில் மட்டும் மூன்று நிமிடம். முதல் நிமிடம் கேட்பவருக்குக் கூச்சம். இரண்டாவதில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பதுபோல நடிப்பார். மூன்றாவதில் கமராவை மறந்து போவார். போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் நிறுத்தி, "இதிலே என்ன மாறினது?" என்று மற்றவர்களிடம் கேளுங்கள். அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் சொல்லித் தருவதைவிட அது பல மடங்கு ஆழமாகப் பதியும்.

மூன்றாவது, நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து காட்டியது. ஒரு நடிகரின் அசையாத முகத்தை எடுத்தார். அதற்கு அடுத்து ஒருமுறை சூப்புக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டியில் குழந்தை, ஒருமுறை ஒரு பெண் என்று ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். இதைப் பிள்ளைகளையே செய்ய வையுங்கள். ஒருவரின் சாதாரண முகம், பிறகு ஒரு தட்டுப் புட்டு, ஒரு வெறும் கட்டில், பூட்டிய படலை. போனிலேயே ஒட்டிப் பார்க்கட்டும். முகத்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, பாதி வேலையை அடுத்த ஷொட் பார்த்துக்கொள்ளும் என்பது அன்றோடு விளங்கிவிடும்.

நான்காவது கைவேலை. இது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. நடிப்பவருக்கு வீட்டில் தினமும் செய்கிற ஒரு வேலையைக் கொடுத்து, அதற்கு இடையில் ஒருவர் சங்கடமான கேள்வி கேட்க வேண்டும். ஒரு பெண் பிள்ளை திருவலையில் இருந்து தேங்காய் திருவினாள். அக்காவாக நடித்தவள் பின்னால் வந்து, "நேற்று ரியூசன் முடிஞ்சு எங்க போனனீ?" என்று கேட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை நிற்கவும் இல்லை. திருவும் சத்தம் மட்டும் மெதுவானது. "மதுரா வீட்ட" என்றாள். சொல்லி முடித்ததும் சத்தம் முன்னையைவிட வேகமாக வந்தது. பொய் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. முகத்தில் அவள் ஒன்றுமே செய்யவில்லை. (திருவலை, கத்தி போன்றவற்றை வீட்டில் பழகிய பிள்ளையிடம் மட்டும் கொடுங்கள்.)

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அழுகைக் காட்சிக்காக, "உன் வீட்டில் நடந்ததை நினைச்சுப் பார்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லக் கூடாது. இங்கே பல வீடுகளில் காணாமல் போன ஒருவர் இருக்கிறார், சொல்லப்படாத ஒரு கதை இருக்கிறது. அதைக் கிளறிவிட்டால் திரும்ப மூடுவதற்கு உங்களுக்கோ எனக்கோ பயிற்சி இல்லை. கற்பனைச் சூழ்நிலையைத் தெளிவாகக் கொடுங்கள், எதிரில் இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். கண்ணீர் வராவிட்டால் வராமல் போகட்டும். அழாமல் இருக்கப் பாடுபடும் முகம்தான் திரையில் அதிகம் பேசும்.

அவர்களுடைய பேச்சு

கமரா ஓடத் தொடங்கியதும் இன்னொரு மாற்றமும் வரும். இவ்வளவு நேரம் "என்னடா செய்யிறாய்?" என்று கதைத்துக்கொண்டிருந்த பொடியன் "என்னடா பண்றே?" என்பான். "போட்டு வாறன்" என்பது "கெளம்புறேன்" ஆகிவிடும். சின்ன வயதிலிருந்து பார்த்த படங்கள் எல்லாம் சென்னையிலிருந்து வந்தவை. படம் என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு நல்ல மருந்து எழுதாத வசனம். காட்சியின் நிலைமையை மட்டும் சொல்லி, தங்கள் வாயில் வருவதைப் பேசச் சொல்லுங்கள். அதை ஒலிப்பதிவு செய்து, கேட்டுக் கேட்டு அவர்களே எழுதட்டும். தீவகத்துப் பிள்ளை, வடமராட்சிப் பிள்ளை, குருநகர்ப் பிள்ளை மூவரும் ஒரே மாதிரிக் கதைப்பதில்லை. அந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

கதை: ஒரு வீடு, இரண்டு பேர், ஒரு பின்னேரம்

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் கதை கேட்டால் முதலில் வருபவை தற்கொலை, போதைப்பொருள், வாகன விபத்து. கடைசியில் ஒரு சாவு, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் அறிவுரை. பெரியவர்கள் நடத்தும் போட்டிகளுக்கு விழிப்புணர்வுக் குறும்படம் செய்து செய்து வந்த பழக்கம் இது. முதல் படத்துக்குச் சில கட்டுப்பாடுகள் போட்டுவிடுங்கள். சாவு இல்லை, கனவு இல்லை, கடைசி எழுத்தும் இல்லை. ஒரு வீடு, இரண்டு பேர், ஒரு பின்னேரம், மூன்று நிமிடம்.

போரைப் பற்றி எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். தடுக்காதீர்கள். ஆனால் இன்று இந்த வயதில் இருப்பவர்கள் 2009ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். போரை அவர்கள் அறிந்தது கேட்டுத்தான். அப்படியானால் படமும் கேட்பதைப் பற்றியதாக இருக்கட்டும். அம்மம்மா ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்துகிறா, பேத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பட்டாசு வெடித்து ஷெல்லாகக் காட்டுவதைவிட இது உண்மையானது.

ஒரு கதையை முழுதாக எடுத்துப் பார்ப்போம். பதினாறு வயதுப் பொடியனுக்கு சாதாரண தர றிசல்ட் வந்துவிட்டது. கனடாவிலிருந்து மாமா போன் எடுக்கிறார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்ய வேண்டும் என்பது மாமாவின் ஆசை, அம்மாவின் ஆசையும் அதுதான். ரியூசன் காசு அனுப்பப்போவதும் மாமாதான். பொடியனுக்குக் கலைப் பிரிவுக்குப் போக விருப்பம். அம்மா, "தம்பி, மாமா கதைக்கிறார், இந்தா" என்று போனை நீட்டுகிறா. மாமாவின் குரல் நமக்குக் கேட்காது. படம் முழுவதும் பொடியன் பேசுவது "ஓம் மாமா" மட்டும், நான்கு தடவை.

முதலாவது சந்தோஷத்தில். இரண்டாவது, பாராட்டுக்குக் கூச்சப்பட்டு. மூன்றாவது, "மற்ஸ் தானே செய்யப்போறாய்?" என்று மாமா கேட்ட பிறகு, அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது. நான்காவது, போனை வைக்கும் முன்.

நடிப்பவருக்கு உதவ ஒரு வழி: போனின் மறுமுனையில் உண்மையாகவே ஒருவரை இருத்துங்கள். பக்கத்து வளவிலிருந்து அவர் மாமாவாகப் பேசட்டும். காட்சியைத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு தடவையும் (ரேக்) மாமா சொல்வதை நடிப்பவருக்குத் தெரியாமல் கொஞ்சம் மாற்றுங்கள். ஒருமுறை கண்டிப்பாக, ஒருமுறை மிகுந்த பாசத்தோடு. பாசத்தோடு கேட்கும்போதுதான் மூன்றாவது "ஓம் மாமா" மிகவும் கனக்கும். அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டறிவார்கள்.

ஷொட் பிரிப்பது

இந்தப் படத்துக்கு ஏழெட்டு ஷொட் போதும். விறாந்தை முழுவதும் தெரியும் அகல ஷொட்டில் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறா, போன் அடிக்கிறது. அம்மா இடுப்பளவு ஷொட்டில். பொடியன் நெருக்கமாக, இதை வெட்டாமல் முழு உரையாடலுக்கும் எடுங்கள். அதேபோல அம்மாவின் முகத்தையும் முழு உரையாடலுக்கும். அப்புறம் அம்மாவின் கை, மேசையில் றிசல்ட் தாள், கடைசியில் மீண்டும் அகலம்.

இருவரைக் காட்டும்போது பார்வைத் திசை குழம்பக் கூடாது. அம்மா இருக்கும் இடத்திலிருந்து பொடியன் நிற்கும் இடத்துக்கு நிலத்தில் ஒரு கயிற்றைப் போடுங்கள். கமரா கயிற்றின் ஒரு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே மறுபக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிக் காட்டுங்கள். இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரியும். அதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

போன், வெளிச்சம், சத்தம்

விலை கூடிய கமரா வேண்டாம். போனைப் படுக்கையாக வைத்து, லென்ஸைத் துணியால் துடைத்து, விமானப் பயன்முறையில் போடுங்கள். 1080 தரம் போதும், 4கே எடுத்தால் நினைவகம் மத்தியானத்துக்கு முன்னரே நிரம்பிவிடும். நொடிக்கு 25 பிரேம் (தனிப் படங்கள்), ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/50 நொடி என்று வையுங்கள். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல ரியூப் லைட்டுகளும் எல்ஈடி பல்புகளும் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஷட்டர் அதோடு பொருந்தாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக அலை ஓடும். போனில் இதை மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. போன் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

நண்பகல் வெயிலில் முகத்தை எடுக்காதீர்கள். சித்திரையில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும், கண்குழி இரண்டும் கறுத்துப் போகும். நம்முடைய பழைய வீடுகளின் விறாந்தையில் கிடைக்கும் வெளிச்சம் மிக மென்மையானது. பொடியனை முற்றத்தைப் பார்த்து நிறுத்தி, மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை இருவர் பிடித்தால் போதும். பின்னேரம் ஐந்து மணியை அண்டி எடுங்கள். அந்த நேரம் ரொறன்ரோவில் காலை, மாமா வேலைக்குப் போகும் முன் போன் எடுப்பதும் பொருந்திவரும்.

படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுத்துக்கொள்ளும், வசனம் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும். இன்னொரு போனில் ஒலிப்பதிவைப் போட்டு, நடிப்பவருக்கு அருகே கமராவுக்குத் தெரியாமல் வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டினால் எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்துவது எளிது. மின்விசிறி, தண்ணீர் மோட்டர் இரண்டையும் நிறுத்துங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழாவா என்று முன்னரே விசாரியுங்கள். ஒலிபெருக்கி தொடங்கினால் அன்று வசனம் இல்லை. பாண் ஓட்டோ பாட்டோடு வந்தால் அது ஒழுங்கையைத் தாண்டும்வரை காத்திருங்கள். போகும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை முப்பது நொடி பதியுங்கள். வெட்டிய இடங்களை மூட அது கட்டாயம் வேண்டும்.

வெளியிடங்களுக்கு அனுமதி எடுங்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குத் தொல்பொருள் திணைக்களம், ரயில் நிலையத்துக்குப் புகையிரதத் திணைக்களம், கோயிலுக்கு அதன் நிர்வாகம். இராணுவ முகாமோ காவலரணோ பிரேமுக்குள் வரவே கூடாது. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் முதல் படத்துக்கு அது தேவையே இல்லை.

படப்பிடிப்பு நாள்

இயக்குநர், கமரா, ஒலி, தொடர்ச்சி கவனிப்பவர் என்று வேலையைப் பிரியுங்கள். தொடர்ச்சி பார்ப்பவர் ஒவ்வொரு ஷொட்டுக்குப் பிறகும் ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். பொட்டு, கைக்கடிகாரம், உருவிய முருங்கையிலை எவ்வளவு, எல்லாம் அடுத்த ஷொட்டில் ஒத்துப்போக வேண்டும். நடிக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வசனத்தை நீங்கள் நடித்துக் காட்டாதீர்கள். காட்டினால் பிள்ளை உங்கள் முகத்தைத்தான் திரும்பச் செய்யும். கேள்வி கேளுங்கள்: "இப்ப அவனுக்கு என்ன வேணும்? மாமாவிடம் எதை ஒளிக்கிறான்?" காட்சி முடிந்ததும் உடனே "கட்" சொல்லாமல் ஐந்து நொடி விடச் சொல்லுங்கள். வசனம் தீர்ந்த பிறகு முகத்தில் வருவதுதான் பல தடவைகளில் படத்தின் மிகச் சிறந்த இடமாக இருக்கும்.

எடிட்டிங்

கப்கட் என்ற எடிட்டிங் செயலி போனிலேயே ஓடும். கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு. முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிள்ளைகள் வழக்கமாக யார் பேசுகிறாரோ அவரைக் காட்டி வெட்டுவார்கள். முதல் வெட்டு அப்படியே இருக்கட்டும். பிறகு தலைகீழாக ஒன்று செய்யச் சொல்லுங்கள்: எப்போதும் கேட்பவரை மட்டும் காட்டி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் எந்த இடத்தில் யாருடைய முகம் வேண்டும் என்று தானாகத் தெரியும். நம்முடைய கதையில் மூன்றாவது "ஓம் மாமா" பொடியனின் வாயில் தெரியாமல், அம்மாவின் முகத்தின் மேல் ஒலித்தால் எப்படி இருக்கும் என்று முயன்று பாருங்கள். அவவின் கை இலை உருவுவதை நிறுத்தும். அந்த ஒரு வெட்டில் அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்பது வந்துவிடும்.

பின்னணி இசை இல்லாமல் முதல் படத்தை முடிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைப் பிரச்சினையில் யூரியூப் ஒலியை நிறுத்திவிடலாம். அதைவிட முக்கியமாக, காட்சி நொண்டும் இடத்தை இசை மறைத்துவிடும், பிள்ளை திருத்தப் பழகாது.

காட்டுவது

சனசமூக நிலையச் சுவரில் வெள்ளைத் துணி, இரவல் புரொஜெக்டர், பெற்றோர், அயலட்டை. படம் முடிந்ததும் "நல்லாயிருக்கு" என்று சொல்ல விடாமல், "என்ன நடந்தது என்று விளங்கினது?" என்று முதலில் கேளுங்கள். "தாய்க்கு முதலே தெரியும் போல" என்று யாராவது ஒரு அப்பம்மா சொன்னால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பரிசு வேண்டாம். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவுக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள். தங்கள் ஊரிலேயே பிற நாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து கதைக்கட்டும்.

இணையத்தில் போடும் முன் நடித்த ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக மறுபடி கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் போடக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. அடுத்த படத்துக்கு நடித்தவர்கள் கமராவுக்குப் பின்னால் போகட்டும், பின்னால் நின்றவர்கள் முன்னால் வரட்டும். மாமாவாகப் பேசியவனுக்கு இந்த முறை ஒரு நெருக்கமான ஷொட் கொடுங்கள்.